என் அளவு இஞ்சின்

ஜெலுத்தோங், பினாங்கு
ஆகஸ்ட் 9

மகன் டேரிலுக்கு,

ஆண்டவர் அருளால் நானும் கிறிஸ்டலும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை.

மெல்பர்னிலிருந்து நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. லிஃப்ட் இன்னும் பழுதாகத்தான் கிடக்கிறது. தபால்காரன் கீழே நின்றபடி என்னை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னான். நான்கு மாடி தூக்கி வந்தேன். இரண்டாவது மாடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் கேட்ட பொருள் இவ்வளவு கனக்காது. அது சட்டைப் பையில் அடங்கும்.

எங்கிருந்து தொடங்கியது என்று நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. போன கிறிஸ்துமஸ் அன்று போனில் உன் மகளிடம் ஒரு வாக்குக் கொடுத்தாய். சீனப் பெருநாள் விடுமுறைக்கு வருகிறேன், நீயும் நானும் சேர்ந்து பொம்மை ரயில் போடுவோம் என்றாய். அவள் நாள்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். பெருநாள் வந்தது. பதினைந்தாம் நாள் சாப் கோ மேவும் முடிந்தது. ஜெலுத்தோங்கில் பட்டாசுக் குப்பையைக்கூடப் பெருக்கி அள்ளிவிட்டார்கள். நீ வரவில்லை. வேலை இடத்தில் விடுப்பு இல்லை என்றாய். அவள் தாய் ரெஜினா இறந்து நாற்பதாம் நாள் பூசை முடிந்த வாரமே, ஐந்து வயதுப் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு விமானம் ஏற உனக்கு விடுப்புத் தேவைப்படவில்லை. திரும்பி வரத்தான் தேவைப்படுகிறது.

வாக்குக் கொடுத்தவன் நீ. வீட்டில் இருந்தவன் நான். ஆகவே ரயிலை நானே தொடங்கினேன். எனக்கு அந்தப் பொழுதுபோக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேரங்காடியில் ஒரு பெட்டியைப் பார்த்தோம். அதன் விலையில் நாங்கள் இருவரும் மூன்று மாதம் சாப்பிடலாம். கிறிஸ்டலே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பிறகு உன் அத்தை அமலம்மாள் ஒரு வழி சொன்னாள். புக்கிட் மெர்தாஜாமில் அவள் வீட்டு வரிசையில் ஹைருல் என்று ஒருவர் பழைய பொம்மை ரயில்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறார். ஒரு சனிக்கிழமை பஸ், ஃபெரி, பிறகு கொமுட்டர் ரயில் என்று மாறி மாறிப் போனோம். ஹைருல் நல்ல மனிதர். முதலில் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டார். அதன் பிறகுதான் அளவைச் சொன்னார். பொம்மை ரயிலில் பல அளவு உண்டு. ஒன்றின் தண்டவாளத்தில் மற்றொன்று ஓடாது. அடுக்குமாடி வீட்டுக்கு ஆகச் சிறியதுதான் சரி என்றார். ஒரு முட்டை வடிவ வட்டம் மட்டும் வாங்குங்கள், கட்டடம், மரம் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள் என்றார்.

வாங்கவில்லை. பலகைக்கு உன் கல்யாண அலமாரியின் கதவை எடுத்தேன். அலமாரியைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு கதவுதான் தப்பியது. மின்சாரத்துக்குப் பழைய மோடத்தின் அடாப்டர் இருந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க, அலங்கார விளக்குக்குப் போடும் டிம்மர் ஒன்றைச் சேர்த்தேன். செடிகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டினோம். ஐஸ்கிரீம் குச்சியில் நடைமேடை செய்தோம். தண்டவாளத்தை வாரம் ஒருமுறை பென்சில் அழிப்பானால் தேய்ப்பது அவள் வேலை. நிலையங்களுக்குப் பெயர்ப் பலகையும் அவள்தான் எழுதினாள். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால். நான்காவதாக ஜார்ஜ் டவுன் என்று ஒன்று எழுதி நட்டாள். தீவுக்கு ரயில் கிடையாது என்று அதைப் பிடுங்கிவிட்டேன். அழுதாள். அழட்டும். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லிப் பிள்ளை வளர்க்க எனக்குத் தெரியாது.

ஏப்ரல் கடைசியில் இஞ்சின் எரிந்தது. நாற்பது வருடம் இந்த ஜெலுத்தோங் பட்டறைகளில் மோட்டாருக்குக் காயில் சுற்றியவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டேன். ஆனால் இந்த மோட்டாரின் கம்பி தலைமுடியை விட மெல்லியது. மூன்று நாள் முயன்றேன். கண் பிடிக்கவில்லை. அதனால்தான், வேறு வழியே இல்லாமல்தான், மே மாதம் உனக்கு எழுதினேன். இந்த நான்கு வருடத்தில் உன்னிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். எந்த அளவு என்று பெயரைச் சொல்லியே எழுதியிருந்தேன்.

நீ அனுப்பியதோ முழங்கை நீளம். கூடவே ஒரு அட்டை. கேட்டபடியே உன் அளவு இஞ்சின், கடையில் இருந்ததிலேயே இதுதான் பெரியது என்று அவளுக்கு எழுதியிருந்தாய். கேட்டபடியே என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

எங்கள் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஒன்பது மில்லிமீட்டர். உன் இஞ்சினுக்கு முப்பத்திரண்டு வேண்டும். நான் அளந்து முடிப்பதற்குள் அவள் அதை இரண்டு கையாலும் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தாள். சக்கரங்கள் கம்பியைத் தாண்டிப் பலகையில் நின்றன. பட்டர்வொர்த் நடைமேடை நொறுங்கியது. அவள் அதை எடுத்து, திருப்பி, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"தாத்தா, நம்ம ரயில் என்ன சைஸுனு அப்பாவுக்குத் தெரியாதா?"

உன் கால் சைஸே தெரியாதவனுக்கு ரயில் சைஸ் எப்படித் தெரியும் என்றேன். போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய சப்பாத்து அவளுக்கு ஏழு வயதில் பொருந்தியிருக்கும். அது அவளுக்கும் நினைவிருந்தது. அவள் அழவில்லை. நொறுங்கிய குச்சிகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.

அந்த இஞ்சினை இங்கே வைத்து என்ன செய்வது? சனிக்கிழமை நான் மட்டும் ஹைருலிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை யோசிக்கச் சொன்னார். மகன் அனுப்பியது, வைத்திருங்கள் அங்கிள் என்றார். நான் ஒரு முறைதான் யோசித்தேன். அதற்குப் பதிலாக எங்கள் அளவில் இஞ்சின் ஒன்றும் பெட்டிகள் நான்கும் கொடுத்தார். நன்றாக ஓடுகின்றன. இதைத் தாத்தா வாங்கி வந்தேன் என்று சொன்னேன். பெரியது எங்கே என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பார்சலுக்குள் எனக்கும் ஒரு கடிதம் வைத்திருந்தாய். டிசம்பரில் பள்ளி மூடியதும் வந்து அவளை மெல்பர்னுக்கு அழைத்துப்போவதாகவும், அவள் சம்மதித்தால் மட்டுமே அழைத்துப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். இது நியாயமான பேச்சு. அவளிடமே கேள். ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் நேரம் உனக்குத் தெரியும். நான் குறுக்கே நிற்க மாட்டேன். எனக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லாதபடி நீயே செய்துவிட்டாய்.

உனக்கு நல்ல புத்தியும் உடல்நலமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அப்பா
பீட்டர் சவரிமுத்து


ஜெலுத்தோங்
செப்டம்பர் 13

மகன் டேரிலுக்கு,

இங்கே விடாத மழை. உனக்கு அங்கே குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நெஞ்சுச் சளியை அலட்சியம் செய்யாதே.

போன ஞாயிறு அமலம்மாள் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். கிறிஸ்டலை முற்றத்தில் விளையாட விட்டுவிட்டு, தன் போனை என் முன்னால் வைத்தாள். அதில் என் மே மாதக் கடிதத்தின் படம் இருந்தது. நீ அனுப்பியிருக்கிறாய். ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாய். 'கிறிஸ்டல் கேட்பது: என் அளவு இஞ்சின் ஒன்று போதும்.' என் கையெழுத்துதான். மறுக்கவில்லை.

அதன் கீழே நீ எழுதியதை அமலம்மாள் வாசித்தாள். பிள்ளை ஆசையாகத் தன் உயரத்துக்கு ஒரு இஞ்சின் கேட்கிறாள் என்று நினைத்தாயாம். 'என் அளவு' என்று அவள் சொன்னது காதில் கேட்பது போலவே இருந்ததாம். அந்தத் தாளை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாயாம். இரண்டு மாதம் சனிக்கிழமையும் வேலைக்குப் போய், கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கினாயாம். கடைக்காரன் எந்த அளவு என்று கேட்டதற்கு, என் மகள் அளவு என்று சொன்னாயாம்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி.

அந்தச் சின்ன அளவுக்கு உலகம் முழுவதும் வைத்திருக்கும் பெயர் ஒரு இங்கிலீஷ் எழுத்து. எம்முக்கு அடுத்த எழுத்து. அந்த எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதினால் 'என்' என்றுதான் எழுத வேண்டும். வேறு எப்படியும் எழுத முடியாது. நான் தமிழ்க் கடிதத்தில் இங்கிலீஷ் எழுத்தைக் கலப்பதில்லை என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பட்டறையில் பொருள் சுற்றி வந்த தமிழ்ப் பத்திரிகைத் தாள்களை எழுத்துக் கூட்டிப் படித்து வந்த தமிழ் இது. அதில் நான் கண்டதையும் கலக்க மாட்டேன். ஆகவே நான் எழுதியதில் பிழை இல்லை. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

பிழை படித்தவனுடையது. ஒன்பது வயதுப் பெண் தன் உயரத்துக்கு ஒரு இஞ்சின் கேட்பாளா? அதை எந்தத் தண்டவாளத்தில் விடுவாள்? எங்கள் ரயில் ஒரு கதவின் மேல் ஓடுகிறது என்று அவள் உனக்குப் போனில் எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பாள்? நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாயா, இல்லை, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாயா? சந்தேகம் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். சந்தேகமே வரவில்லை என்றால் அது அதைவிட மோசம். தாளைப் பர்சில் வைத்துக்கொண்டு திரிவதற்குப் பெயர் பாசம் இல்லை.

அமலம்மாளுக்கு நான் இதையேதான் சொன்னேன். அவள் என்னை விட எட்டு வயது சின்னவள். இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"அண்ணே, நீங்க எழுதுனது சரியாவே இருக்கட்டும் லா. பிள்ளகிட்ட சொல்லாம மூடி வச்சா அது பாவம்."

நான் பொய் எதுவும் சொல்லவில்லையே என்றேன். நீங்க சொல்லலேன்னா நான் சொல்வேன் என்றாள். சொல்வதானால் அதன் பிறகு என் வாசற்படி ஏறாதே, என் பிணத்தைப் பார்க்கவும் வராதே என்றேன். அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காப்பி கலக்கி வைத்திருந்தாள். குடிக்கவில்லை. கிறிஸ்டலைக் கூட்டிக்கொண்டு அடுத்த கொமுட்டரில் திரும்பினேன். அன்றிலிருந்து அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

உனக்கும் அதையே சொல்கிறேன். கிறிஸ்டலிடம் இதை நான் சொல்லப் போவதில்லை. என்னவென்று சொல்வது? உன் அப்பன் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான், ஆனால் ஒரு வரியைச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்றா? அதைக் கேட்டு அவள் மறுபடியும் நாள்காட்டியில் வட்டம் போடுவாள். நீ மறுபடியும் வரமாட்டாய். வட்டம் போட்ட தாளைக் கிழிப்பவன் நான். நீ போட்டதை எல்லாம் நான்தான் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நீயே போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பாய். ஞாயிறுதோறும் நீ அழைக்கிறாய். நான் வழக்கம்போல எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அவளிடம் நீட்டுகிறேன். ஆகஸ்டிலிருந்து அவள் அதைக் காதில் வைப்பதில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தண்டவாளத்தைத் தேய்க்கிறாள். ஒரே ஒரு முறைதான் பேசினாள். டிசம்பரில் அப்பாவோடு வருகிறாயா என்று நீ கேட்ட அன்று. வேண்டாம் என்றாள். நான் அடுப்பருகே நின்றிருந்தேன். அந்தச் சொல்லை அவள் வாயில் நான் வைக்கவில்லை. அன்று மீன் கறி. அவள் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பெரிய இஞ்சினை என்ன செய்தேன் என்று அமலம்மாள் மூலம் கேட்டிருக்கிறாய். ஹைருல் அதை ஈப்போவில் ஒருவருக்கு விற்றுவிட்டார். திரும்பக் கேட்க முடியாது. கேட்கவும் மாட்டேன்.

உன் தாயார் இருந்திருந்தால் உன் பக்கம் பேசியிருப்பாள். அவள் இல்லை. அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்லிவிடாதே.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். சனிக்கிழமைகளில் இனி வேலைக்குப் போக வேண்டாம்.

அப்பா


ஜெலுத்தோங்
நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

மகன் டேரிலுக்கு,

இன்று காலை ரெஜினாவின் கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, மந்திரித்த தீர்த்தம் தெளித்துவிட்டு வந்தோம். சிலுவையில் பெயர் மங்கியிருந்தது. கறுப்பு மை பூசினேன். பூவைக் கிறிஸ்டலே வைத்தாள். அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்தாள். நான் பக்கத்தில் போனதும் நிறுத்திக்கொண்டாள்.

நடந்ததை உனக்கு நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். அவர்கள் எழுதினால் கூட்டியோ குறைத்தோ எழுதுவார்கள். ஆகவே நானே எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு, 'என் பொழுதுபோக்கு'. லெட்சுமி டீச்சர் அவள் கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்திருக்கிறார். பிள்ளைகள் கைதட்டினார்களாம். நோட்டை என்னிடம் காட்டினாள். மூன்றாவது வரியில் இப்படி எழுதியிருந்தாள். 'எங்கள் ரயில் என் அளவு ரயில். இந்த என், இங்கிலீஷ் என். ஆனால் தமிழில் எழுதினால் என்னுடைய ரயில் என்றும் வரும். அதனால் எனக்கு இந்த அளவு மிகவும் பிடிக்கும்.' டீச்சர் பக்கத்தில் சிவப்பு மையில் நட்சத்திரம் வரைந்திருந்தார்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றேன். என் முகத்தில் எதைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. நோட்டை மூடாமல் நின்றாள். அப்பாவுக்கு நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டாள். சரியாகத்தான் எழுதினேன் என்றேன். தமிழிலா என்றாள். ஆமாம் என்றேன். வேறு எந்த மொழியில் எழுதுவேன்?

அவள் உன்னைப் போல இல்லை. ஒரு கேள்வியோடு நிறுத்துவதில்லை. உள்ளே போய் நீ அனுப்பிய அட்டையை எடுத்து வந்தாள். எறிந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். அகராதிக்குள் வைத்திருக்கிறாள். கேட்டபடியே உன் அளவு இஞ்சின் என்று நீ எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு, இது உங்களுக்கு எப்போது தெரியும் தாத்தா என்று கேட்டாள். செப்டம்பரில் என்றேன். நான் பொய் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன்.

பெரிய இஞ்சின் எங்கே என்றாள். கொடுத்து மாற்றிவிட்டேன், இப்போது ஓடுகிறதே, இது அந்த இஞ்சினுக்குப் பதிலாக வந்ததுதான் என்றேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அது என் இஞ்சின், தாத்தா."

முப்பத்திரண்டு மில்லிமீட்டர் இஞ்சினைப் பற்றி அவள் அப்படிச் சொன்னாள். அளவைச் சொன்னாயா, சொந்தத்தைச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. டிம்மரைப் பூச்சியத்துக்குத் திருப்பினாள். சின்ன இஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்தாள். அதை என் கருவிப் பெட்டியில், குறட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். இது உங்களுடையது என்றாள். அன்றிலிருந்து ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தில் கறுப்பு படிகிறது. அழிப்பானால் நான் தேய்க்கிறேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் பள்ளியில் இருந்தபோது, முன்பு நான் பிடுங்கிய ஜார்ஜ் டவுன் பலகையைத் தேடி எடுத்தேன். ஜன்னல் பக்கத்து வளைவில் ஒட்டி வைத்தேன். அவள் வந்து பார்த்தாள். தீவுக்கு ரயில் கிடையாது தாத்தா என்றாள். புத்தகப் பையைக் கழற்றக்கூட இல்லை. நான் சொன்னதைத்தான் சொன்னாள். அதே குரலில் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு உன் அழைப்பு வந்தபோது அவளே போனை எடுத்தாள். நான் அதே அடுப்பருகே நின்றிருந்தேன். அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியும். வருகிறேன் என்றாள். அடுத்தபடியாக அமலம்மாளை அழைத்து, துணிகளை எடுத்து வைக்க வரச் சொன்னாள். அமலம்மாள் வந்தாள். என் வாசற்படி ஏறாதே என்று நான் சொன்னதை இரண்டு பேரும் பேசவில்லை. அவள் கலக்கிய காப்பியை இந்த முறை குடித்தேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நான் எழுதியதில் பிழை இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன்.

போன செவ்வாய் ஈப்போ போனேன். ஹைருலிடம் முகவரி வாங்கிக்கொண்டு தனியாகத்தான் போனேன். அந்த மனிதருக்குப் பெரிய வீடு. பின்புறத்தில், தோட்டத்தையே சுற்றித் தண்டவாளம் போட்டிருக்கிறார். நான் போன நேரம் உன் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகள் எட்டு இழுத்தது. மோட்டார் சத்தத்தைக் கேட்டேன். நல்ல காயில், சீராகச் சுற்றியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அதோடு சேர்ந்து ஓடினார்கள். வந்த காரியம் என்னவென்று அவர் கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மூன்று மணி ரயிலில் திரும்பினேன். நல்ல இஞ்சின் வாங்கியிருக்கிறாய்.

இனி டிசம்பர் விஷயம். நீ வரும் அன்று நான் விமான நிலையத்துக்கு வர மாட்டேன். வீட்டுக்கு வந்து அழைத்துக்கொண்டு போ. லிஃப்ட் சரியாகாது, அவள் பெட்டியை நீயே தூக்கு. மாதா சுரூபமும் ரெஜினாவின் படமும் கைப்பையில் போகட்டும், சாமானோடு போட வேண்டாம். காலையில் அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. மைலோவைத் தண்ணீரில் கலக்க வேண்டும். இடி இடித்தால் பயப்படுவாள், ஆனால் பயப்படவில்லை என்று சொல்வாள். நம்பாதே. அங்கேயும் ஞாயிறு பூசைக்குக் கூட்டிக்கொண்டு போ. தமிழில் எழுதுவதை நிறுத்த விடாதே.

அளவுகளை எழுதுகிறேன். கால் நீட்டச் சொன்னேன், நீட்டவில்லை. அதனால் வாசலில் கழற்றிப் போட்டிருந்த பள்ளிச் சப்பாத்தின் உட்புறத்தை, தண்டவாளம் அளக்கும் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தேன். இருபத்தொரு சென்டிமீட்டர், நான்கு மில்லிமீட்டர். வளரும் கால், ஒரு சென்டிமீட்டர் கூட்டி வாங்கு. உயரம் நூற்று முப்பத்தொன்று, அது பள்ளி நோட்டில் இருந்தது. சட்டை பத்து வயதுக்கு உள்ளதை வாங்கினால் கை சரியாக இருக்கும். இதில் எங்காவது இரண்டு அர்த்தம் வருமானால் வாங்குவதற்கு முன் அமலம்மாளைக் கேள். என்னைக் கேட்டாலும் சொல்வேன். போனை எடுப்பவன் நான்தான்.

கதவுப் பலகை விமானத்தில் வராது. அவள் புறப்படும் முன் தண்டவாளத்தைக் கழற்றித் துணியில் சுற்றி அவள் பெட்டியின் அடியில் வைத்துவிடுவேன். அவளுக்குத் தெரியாது. சின்ன இஞ்சினை வைக்க மாட்டேன். அதை அவள் எனக்குக் கொடுத்துவிட்டாள். அங்கே அவள் மறுபடியும் ரயில் கேட்டால், ஒரு வேளை கேட்டால், இந்த அளவில் வாங்கு:

N

பயணத்தில் ஆண்டவர் உங்கள் இருவருக்கும் துணையாக இருக்கட்டும். மாதா பிள்ளையைத் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதச் சொல். எந்த மொழியில் எழுதினாலும் படித்துக்கொள்வேன்.

அப்பா
பீட்டர் சவரிமுத்து

பி.கு.: மேலே இருக்கும் இங்கிலீஷ் எழுத்தைக் கிறிஸ்டலிடம் எழுதித் தரச் சொன்னேன். மாட்டேன் என்றாள். தண்டவாளம் வந்த பெட்டியின் மேல் இருந்ததைப் பார்த்து நானே எழுதியிருக்கிறேன். நடுக்கோடு சரிந்திருந்தால் மன்னித்துக்கொள்.